சம்பள நாள் எழுதிய பலகை

சூரியநெல்லிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. போடியில் மாமியார் இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அவர் சீக்காய்ப் படுத்திருப்பதாக ஆள் வந்து சொன்னபோது மலையிறங்கக் கையில் காசில்லை. சம்பளம் எப்போது என்று என் வீட்டுக்காரர் கங்காணியிடம் கேட்டார். தொரை மனசு வைத்தால் அடுத்த வாரம் என்றார். அடுத்த வாரமும் அதையே சொன்னார். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது.

அதற்குப் பிறகு ஒருநாள் காலை வேலைக்குப் பெயர் கொடுக்கப் போனோம். ஸ்டோர் சுவரில் ஒரு நோட்டீஸ் பலகை தொங்கியது. தோட்டத்தைச் சோதிக்க அன்று சர்க்கார் ஆபீசர் ஜீப்பில் வருகிறாராம். எனக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். ஒவ்வொரு மாதமும் ஏழாம் தேதிக்குள் சம்பளம் கொடுக்கப்படும் என்று தமிழில் எழுதியிருந்தது. நம்ப முடியாமல் மறுபடி வாசித்தேன். சம்பளத்துக்கு ஒரு தேதி உண்டு என்பதே அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மழை மாதிரி, வரும்போது வரும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

ஆபீசர் வந்தார், பலகையைப் பார்த்தார், பங்களாவில் சாப்பிட்டுவிட்டுப் போனார். நாங்கள் கொழுந்து நிறுக்க ஸ்டோர் முன் நின்றிருந்தோம்; ஜீப் வளைவு திரும்பியதும் கணக்கப்பிள்ளை அதைக் கழற்றச் சொன்னார். என் பக்கமாகத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள். பலகை புதிதில்லை. ஓரமெல்லாம் கரையான் அரித்து, ஆணித் துளைகளில் துரு ஏறியிருந்தது. எத்தனை வருஷமாக இப்படி மாட்டிக் கழற்றுகிறார்களோ. அத்தை கண்ணை மூடிய அன்றும் இது உள்ளேதான் கிடந்திருக்கிறது.

அன்று சாயங்காலம் நாங்கள் குடியிருந்த லயத்தில் எல்லாப் பெண்களிடமும் சொன்னேன். யாரும் முதலில் நம்பவில்லை. பலகை கரையான் அரித்துக் கிடந்ததைச் சொன்னதும்தான் நம்பினார்கள். மறுநாள் காலை ஒருத்தியும் கூடையைத் தொடவில்லை. கங்காணி நேராக என்னிடம் வந்தார்.

"ஒனக்கு என்ன வேணும், தாயி?"

"அந்தப் பலகைய மாட்டச் சொல்லுங்க."

"அது ஆபீசருக்காக வைக்கிறது."

"ஆபீசரு மலையாளத்துக்காரரு. தமிழ்ல யாருக்கு எழுதியிருக்கு?"

அவர் சுற்றிலும் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, அதில் என்னதான் எழுதியிருக்கிறது என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் வெளுத்தது.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே. தோட்டத்துப் பேருன்னுல்ல நெனச்சேன்."

எங்களை வாரக்கணக்கில் காக்க வைத்தவருக்கும் அந்தத் தேதி தெரியாது. அவரும் எங்களோடு காத்துக் கிடந்தவர்தான். அதைக் கேட்டதும் அவரைத் திட்ட வைத்திருந்த சொல்லையெல்லாம் விட்டுவிட்டேன். அவர் நேரே ஆபீசுக்குள் போனார். உள்ளே கணக்கப்பிள்ளையின் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பலகையைத் தன் தோளிலேயே சுமந்து வந்து மாட்டினார்.

அடுத்த மாதம் ஆறாம் தேதியே மேசை போட்டுச் சம்பளம் கொடுத்தார்கள். யாரும் சந்தோஷப்பட்டுக் கூவவில்லை. இவ்வளவு சுலபமா இது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.