ஏழு ஹீட்டு

மகளின் அறிவியல் புத்தகத்தில் ‘ஹீட்’ என்ற சொல்லைப் பார்த்ததும் கும்மிடிப்பூண்டி வீடு நினைவுக்கு வந்துவிட்டது. அம்மாவுக்கு அது உடம்புச் சூடு. “மாம்பழம் ரொம்ப துன்னாதடி, ஹீட்டு” என்பாள். இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்த்த அப்பாவோ அதை எண்ணிச் சொல்வார். “இன்னிக்கு ஏழு ஹீட்டு” என்றபடி அப்படியே தரையில் சாய்ந்துவிடுவார்.

ஓர் ஆயுத பூஜையன்று குடும்பங்களையும் உள்ளே விட்டார்கள். பூசணிக்காய் உடைத்ததும் உலையை மெல்லச் சாய்த்தார்கள். உருகிய இரும்பு வெள்ளை வெளேரென்று கொட்டியது. தூரத்தில் நின்ற என் முகமே காந்தியது. அப்பா அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

வெளியே வந்து, “பாத்தியாம்மா? ஒரு வாட்டி உருக்கி ஊத்துனா, இதான் ஒரு ஹீட்டு” என்றார்.

இதுவா ஒன்று? அன்றிலிருந்து அப்பா எண்ணிக்கை சொல்லும்போதெல்லாம், மோர்ச் சொம்போடு நான் எழுந்து நின்றேன்.