அப்பாவின் சின்ன வீடு

செக் நாட்டில் ஒரு குடைக்குள் ஒரு வாரம் தங்கப்போகிறோம் என்று எட்டு வயதில் வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். யாரும் சிரிக்கவில்லை. கூடப் படித்தவர்கள் எல்லோரும் வங்காளிகள். நான் செய்த தப்பைத்தான் அவர்களும் செய்திருப்பார்கள்.

நாங்கள் வங்காளத்தில் குடியேறிய தமிழர்கள். அங்கே நியூ டவுனில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த அப்பாவை ஆபீஸ் ஒரு வருஷத்துக்கென்று செக் நாட்டுக்கு அனுப்பியிருந்தது. ஜூலை மாதம் ஒரு மலைக்காட்டில் மரவீடு பிடித்திருக்கிறேன், மூன்று பேருக்கும் கட்டில் இருக்கிறது, வந்துவிடுங்கள் என்று சொல்லி, வீட்டுக்காரர் கொடுத்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்பினார். தாளின் தலையில் ஆங்கில எழுத்தில் ‘சாட்டா’ மாதிரி ஒரு செக் சொல். அதே ஊரின் லேக் கார்டன்ஸில் பிறந்து, தமிழைவிட வங்காளமே சரளமாக வந்த எனக்கு அது ‘சாத்தா’. சாத்தா என்றால் வங்காளத்தில் குடை. போதாததற்கு, அந்தக் காட்டில் காளான் பறிக்கலாம் என்றும் போட்டிருந்தது. காளானுக்கு வங்காளத்தில் தவளைக் குடை என்றுதான் பெயர். தவளைகளுக்கு அத்தனை குடை இருக்கும்போது எங்களுக்குப் பெரிதாக ஒன்று இருக்காதா?

அந்தத் தாளை வைத்துக்கொண்டு நான் கண்ட கனவுக்கு அளவே இல்லை. அதில் என்ன பார்க்கலாம், என்ன செய்யலாம் என்று பன்னிரண்டு விஷயங்கள். காட்டில் நீலப் பழம் பொறுக்கித் தின்னலாம். குளத்தில் படகு விடலாம். இடிந்த கோட்டையில் ஏறலாம். ஏணி வைத்த ஒரு மரப்பரணில் மூச்சுக் காட்டாமல் உட்கார்ந்தால் மான்கள் வரும். இங்கே எங்கள் வீட்டுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்கும். நான் ஜன்னலோரம் கண்ணை மூடிக்கொள்வேன். எங்கள் தெருப்பக்கத்து ஏரிக்கரை மரங்களுக்குப் பின்னாலிருந்து மான்கள் ஒவ்வொன்றாக வெளியே வரும். என்னைப் பார்க்கும், பயப்படாது, மறுபடி மரங்களுக்குள் போய்விடும்.

அம்மாவுக்கு பாங்க்கில் லீவு கிடைக்கவில்லை. அப்படித்தான் எனக்குச் சொல்லப்பட்டது. உள்விஷயம் வேறு. ஒரு வருஷம் என்று போன அப்பா, அம்மாவை ஒரு வார்த்தை கேட்காமல் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அன்றிலிருந்து ஐந்து மாதமாக அம்மா அவரிடம் பேசவில்லை. போன் வந்தால் என் கையில் கொடுத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விடுவாள். “சாப்பிட்டாராமா, கேளு” என்று அங்கிருந்து குரல் வரும். “சாப்பிட்டாச்சுன்னு சொல்லு” என்று போனுக்குள்ளிருந்து வரும். இது பெரியவர்களின் விளையாட்டு என்றும், இதில் நான்தான் முக்கியமான ஆள் என்றும் நினைத்துக்கொண்டு பெருமையாக இருந்தேன்.

ஆக, அப்பா மட்டும் போனார். தினமும் சாயங்காலம் போனில் ஒவ்வொன்றாகக் காட்டினார். தேயிலைத் தண்ணீர் நிறத்தில் குளம். நீலமாகிப்போன அவருடைய பல். கோட்டைச் சுவர்மேல் உட்கார்ந்திருந்த மூடுபனி. எல்லாம் பார்த்தேன், குடையை மட்டும் காணவில்லை. கேட்டேவிட்டேன். அப்பா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “குடை இல்லடா கண்ணு. அவங்க பாஷையில அப்படின்னா சின்ன வீடு” என்றார்.

புதுத் தமிழ்ச் சொல் கிடைத்தால் அதை உடனே எடுத்து விடுவது என் வழக்கம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒரு மாமி, அம்மாவுக்குத் தெரிந்தவள், அப்பா எப்போது வருகிறார் என்று கேட்டாள். இப்போதைக்கு வரமாட்டார் என்றேன். ஏன் என்றாள். “அப்பாவுக்கு அங்க ஒரு சின்ன வீடு இருக்கு. ரொம்ப அழகா இருக்கு மாமி. நான் தினமும் போன்ல பாக்கிறேன்.”

மாமி என் தலையைத் தடவினாள். கையிலிருந்த சுண்டலையும் என்னிடமே கொடுத்துவிட்டாள்.

மறுநாள் சாயங்காலம் மாமி வீட்டுக்கே வந்துவிட்டாள், ஒரு தூக்கு நிறையப் பாயசத்தோடு. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஆம்பிளைகள் தூரதேசம் போனால் இப்படித்தான், நீ தைரியமாக இரு, குழந்தைக்குப் போனில் அதையெல்லாம் காட்டுகிறாரே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்தாள். மாமி போனபிறகு என்னைக் கூப்பிட்டு, கோயிலில் என்ன சொன்னாய் என்று கேட்டாள். சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. அதனால் பாயசத்தைத் திறந்தேன்.

அன்றைக்குப் போன் வந்தபோது அப்பாவின் அறை முழுக்கப் புகை. அங்கே மழையாம், குளிராம். தாளில் பதினோராவதாக இருந்த விறகடுப்பை மூட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். இருமலுக்கு நடுவே, எப்படி மூட்டுவது என்று அம்மாவைக் கேட்கச் சொன்னார். விறகடுப்பு பார்த்து வளர்ந்தவள் அம்மா. நான் வாயைத் திறப்பதற்குள் ஈரக் கையோடு வந்து போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

“ஏங்க” என்றாள்.

அந்தச் சொல்லைக் கேட்டு ஐந்து மாதமாகியிருந்தது. யாரைக் கூப்பிடுகிறாள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். போனுக்குள் அப்பா எரிகிற தீக்குச்சியோடு அப்படியே நின்றுவிட்டார்.

“ஏங்க, மொதல்ல அந்த அடுப்புக் குழாய் மூடியத் திறங்க. பொகை எப்படிப் போகும்? இன்னொன்னு, உங்களுக்கு அங்க சின்ன வீடு இருக்காம். கோயில் பூரா பேச்சு. மாமி பாயசம் கொண்டாந்து துக்கம் விசாரிச்சிட்டுப் போறாங்க.”

அப்பா முழித்தார். பிறகு சிரித்தார். அம்மாவும் சிரித்தாள், சிரித்துச் சிரித்து சுவரில் சாய்ந்துகொண்டாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. என் போன், என் அப்பா, என் சொல், மூன்றையும் எடுத்துக்கொண்டு இவர்கள் என்னை விட்டுவிட்டுச் சிரிக்கிறார்களே என்று அழுதேன். யாரும் கவனிக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. அப்பா குழாய் மூடியைத் திறந்திருக்க வேண்டும், அறை தெளிந்துவிட்டது. ஆனாலும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். “உன்னக் கேட்டிருக்கணும்” என்றார். “கேக்காமச் செஞ்சது தப்புத்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கணும்.” அம்மா மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையை ஆட்டினாள். போனை என்னிடம் தரவேயில்லை.

காக்கிமா என்று நான் கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிச் சித்தியிடம் அன்றே ஓடிப்போய்ச் சொன்னேன். ஓர் அடுப்பு மூட்டத் தெரியாததற்கா ஒரு மனிதர் இத்தனை தடவை மன்னிப்புக் கேட்பார், அதற்கா அம்மாவும் சேர்ந்து அழுவாள் என்று.