முள் இருந்த காலில் எண்ணெய் தேய்த்தேன்

மூன்று வருஷத்துக்கு முன்னால், குற்றாலத்தில் சாரல் தொடங்க இன்னும் பத்து நாள் இருந்த சமயம். நான் அங்கே எண்ணெய் தேய்த்துவிடும் தொழிலாளி. இருபத்தாறு வருஷமாக அருவிக்கரையில் ஊரார் முதுகையெல்லாம் பிசைந்து, என் முதுகு போய்விட்டது. அந்த அலுப்பில்தான் ஒரு மட்டக்குதிரை வாங்கினேன். சீசனில் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று காட்டினால், லகானைப் பிடித்துக்கொண்டு கூட நடந்தால் போதும், கைக்கு ஓய்வு கிடைக்கும் என்று ஆசை.

சீசன் இல்லாத மாதங்களில் குதிரை வீரகேரளம்புதூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் நிற்கும். ஊருக்கு வெளியே குளம் வற்றிக் கிடந்தது. உள்ளே முழுக்கச் சீமைக்கருவேலம். கரிமூட்டம் போட யாரோ மரங்களை வெட்டி எடுத்துக்கொண்டு, முள் கிளைகளை மட்டும் அப்படியே போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மேய்ச்சல் முடிந்து கரையைச் சுற்றி வந்தால் அரை மணி நேரம், குளத்துக்குள் குறுக்கே வந்தால் பத்து நிமிஷம். முந்தின நாள்தான் குற்றாலத்தில் ஒரு பஸ் கூட்டத்துக்கே தேய்த்துவிட்டு வந்திருந்தேன். நிற்கவே முடியவில்லை. குறுக்கே இழுத்தேன். நடுவில் அது நின்று, தலையை ஆட்டி, வரமாட்டேன் என்றது. நான்தான் லகானைச் சுண்டினேன்.

மறுநாள் காலையில் இடது முன்னங்காலைத் தூக்கியபடி நின்றது. குளம்புக்கு மேலே வீங்கியிருந்தது. ரத்தம் எதுவும் தெரியவில்லை. சுளுக்கு என்று முடிவு கட்டினேன். எங்கள் தொழிலில் எந்த வலி வந்தாலும் முதலில் வாயில் வருவது அந்த வார்த்தைதான். எண்ணெயைச் சூடு பண்ணி, மேலிருந்து கீழாக நன்றாக அழுத்தி நீவிவிட்டேன்.

“ஏங்க, கால் கல்லு மாதிரி இருக்கு. டாக்டரம்மாவக் கூப்பிடுங்களேன்” என்றாள் என் மனைவி.

“இந்தக் கை பாக்காத வீக்கமா? சும்மா கெட” என்றேன்.

மூன்று நாள், காலையும் மாலையும் தேய்த்தேன். முதல் நாள் பேசாமல் நின்றது. இரண்டாம் நாள் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டது. மூன்றாம் நாள் எண்ணெய் வாசனை வந்ததுமே சுவரோடு ஒதுங்கியது. திமிரைப் பார் என்று திட்டிவிட்டு, இன்னும் கொஞ்சம் அழுத்தமாகத் தேய்த்தேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் அது படுத்துவிட்டது. புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மனைவி என்னிடம் கேட்கவில்லை. “நீங்க தேச்சது போதும். நான் போன் போட்டுட்டேன்” என்று மட்டும் சொன்னாள்.

கால்நடை டாக்டரம்மா மத்தியானம் ஸ்கூட்டரில் வந்தார். காலையிலிருந்து மாடு பார்த்த களைப்பு முகத்தில் அப்படியே இருந்தது, சட்டைக் கையில் சாணி. குதிரையின் காலைப் பிடித்தார். கை வழுக்கியது.

“அண்ணாச்சி, எண்ணெயா தேச்சீங்க?”

“சுளுக்குன்னு நெனச்சேன்மா. என் தொழிலே அதுதான்.”

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். வெந்நீரும் சோப்பும் கேட்டு வாங்கி, நாலு தடவை கழுவினார். முடியைச் சிரைத்தார். அப்போதுதான் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, லேசாகக் கீறியதும் சீழ் வந்தது. பின்னாலேயே இடுக்கியில் ஒரு முள் வந்தது. என் சுண்டுவிரலில் பாதி நீளம் இருக்கும்.

“இது மொத நாள் தோலுக்கு வெளிய துருத்திக்கிட்டுதான் இருந்திருக்கும். விரலாலேயே எடுத்திருக்கலாம். நீங்க அழுத்தி அழுத்தி உள்ள ஏத்திட்டீங்க. மூட்டுக்குள்ள சீழ் எறங்கிருச்சான்னு இப்பச் சொல்ல முடியாது. அஞ்சு, ஆறு நாள்ல கால ஊனிச்சுன்னா பொழச்சுக்கிடும். ஊனலேன்னா…” அதற்கு மேல் சொல்லாமல் ஊசி மருந்தை எடுத்தார்.

ரணஜன்னி வராமல் இருக்க ஒரு ஊசியும் சீழுக்கு ஒரு ஊசியும் போட்டுவிட்டு, தினமும் இரண்டு வேளை உப்புக் கரைத்துக் காய்ச்சி ஆற்றிய தண்ணீரில் கழுவிச் சுத்தமான துணி சுற்ற வேண்டும் என்றார். ஆனால் குதிரை என்னைப் பக்கத்திலேயே விடவில்லை. மனைவிதான் எல்லாம் செய்தாள். நான் தண்ணீர் காய்ச்சிக் கொட்டகை வாசல் வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வருவேன். குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, வாரும் வாரும் என்று கூட்டாளிகள் போன் பண்ணினார்கள். எனக்கு இந்தக் கையை இன்னொருவர் மேல் வைக்கவே மனம் வரவில்லை. கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்து அழுதேன்.

அஞ்சாம் நாளும் காலைத் தூக்கியபடிதான் நின்றது. ஆறாம் நாள் காலை மனைவி மெதுவாகக் கூப்பிட்டாள். “இங்கன வாங்க. சத்தம் போடாம வாங்க.” எட்டிப் பார்த்தேன். குளம்பு முழுசாகத் தரையில் இருந்தது. கால் நடுங்கியது, ஆனாலும் ஊன்றி நின்றது.

பிழைத்துக்கொண்டது. லேசான நொண்டல் மட்டும் தங்கிவிட்டது. பிள்ளைகளை அதன் மேல் ஏற்றுவதை விட்டுவிட்டேன். ஓய்வு என்று நான் நினைத்ததும் அதோடு போயிற்று, பழையபடி அருவிக்கரையில் முதுகு பிசைகிறேன். யாராவது வலி என்று வந்து உட்கார்ந்தால், எண்ணெயைத் தொடுமுன் எங்கே, எப்போதிலிருந்து என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்கிறேன்.

குளத்துக்குள் இப்போது போவதில்லை, எவ்வளவு அலுப்பானாலும் கரையைச் சுற்றித்தான் வருகிறோம். முள் இருக்கும் பக்கம் மேயவிட்டால் நாலு காலிலும் தடித்த துணி சுற்றிவிடுவேன். டாக்டரம்மா சொன்னபடி சாயங்காலம் காலைக் கழுவி, எண்ணெய் இல்லாத விரலால், அழுத்தாமல், முடிக்கு எதிராகக் கீழிருந்து மேலாகத் தடவிப் பார்ப்பேன். முதல் சில மாதங்கள் குதிரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு உடம்பெல்லாம் நடுங்கும். இப்போது அசையாமல் நிற்கிறது.

எத்தனையோ பேர் இந்தக் கைக்குக் கீழே கண்ணை மூடிச் சுகமாகப் படுத்திருக்கிறார்கள். ஆனால் என் விரல் அந்தத் தழும்பைத் தாண்டும்போது குதிரை இன்றைக்கும் ஒரு நொடி மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, அது மூச்சை விடும்வரை நானும் விடுவதில்லை.