மர்டோவுக்குச் சனிக்கிழமை பீர்

நியூசிலாந்தின் வெஸ்ட்போர்ட் ஊரில் இருபத்தாறு வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவிஸ். மழை கொட்டினாலும் ஆறு பெருகினாலும் எட்டு மணிக்கு ஹாரன் கேட்கும். அவளிடம் உள்ள ஒரு குணம் ஊருக்கே தெரியும். அவளுடைய நாயைக் குட்டைக்கால் என்று கேலி செய்த கசாப்புக்கடைக்காரரோடு ஒன்பது வருஷம் பேசவில்லை. கறி மட்டும் வாங்கினாள், விரலால் காட்டி.

அவள் கணவன் லெஸ் இதற்கு நேரெதிர். சிமெண்ட் ஆலையில் வேலை. யாரிடமும் கோபம் தங்காது. நன்றாக நடனம் ஆடுவான், மற்றவர்கள் வெறுங்கையோடு திரும்பும் நாளிலும் மீன் பிடித்து வருவான். அவனுக்கு வராத ஒன்றே ஒன்று பீர்.

அந்த ஊரில் பாதி ஆண்கள் கொட்டகையில் பீர் போடுகிறவர்கள். பெரிய வித்தை ஒன்றுமில்லை. கடையில் டின்னில் விற்கும் பீர்ப் பாகை வெந்நீரில் கரைத்து, அதோடு ஒரு கிலோ இனிப்பு ஏதாவது சேர்த்து, பிளாஸ்டிக் டிரம்மில் நீர் நிரப்பி, மேலே ஈஸ்ட் தூவி மூடி வைத்தால் ஒரு வாரத்தில் நுரைத்து அடங்கும். பிறகு பாட்டிலில் அடைத்துக் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு கிலோவில்தான் சங்கதி: சர்க்கரையும் போடலாம், முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த மால்ட் மாவும் போடலாம். லெஸ் முதன்முதலாக டின் வாங்கிய அன்று தன் உயிர் நண்பன் மர்டோவிடம்தான் கேட்டான்.

"மால்ட் மாவு போடவா, சர்க்கரை போடவா?"

"சர்க்கரைதான்டா. வெள்ளைச் சர்க்கரை, டீக்குப் போடுறோமே அதேதான். மால்ட்டெல்லாம் கடைக்காரன் தலையில கட்டுறது. ஈஸ்ட்டுக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

லெஸ் அதற்குப் பிறகு யாரையும் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவும் இல்லை, சொன்னது மர்டோ ஆயிற்றே.

ஆற்றங்கரை கிளப்பில் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் வீட்டுப் பீர்ப் போட்டி நடக்கும். மர்டோ பதினோரு முறை கோப்பை வாங்கினான். லெஸ் எப்போதும் கடைசி. நடுவர் சீட்டில் ஒவ்வொரு வருஷமும் ஏறக்குறைய ஒரே குறிப்புதான்: தண்ணியாக இருக்கிறது, அழுகின ஆப்பிள் வாடை. கிளப்பில் அவனுக்குச் 'சர்க்கரை லெஸ்' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். வீட்டுக்கு வந்து கொட்டகையில் ஸ்டூலில் உட்கார்ந்து அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் படிப்பதை அவிஸ் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறாள். பாட்டில்களை இரண்டு முறை கொதிநீரில் கழுவினான். மலை ஊற்றிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தான். டிரம்மை மாற்றினான். சர்க்கரையை மட்டும் மாற்றவில்லை.

ஒரு பிப்ரவரி காலையில் உருளைக்கிழங்குப் பாத்தியில் குனிந்தவன் நிமிரவில்லை. மாரடைப்பு.

அடக்கம் முடிந்து எல்லோரும் கிளப்பில் கூடினார்கள். அவிஸ் சமையலறையிலிருந்து ஆட்டுக்கறி அடைத்துச் சுட்ட பலகாரத்தைத் தட்டில் அடுக்கி எடுத்து வந்தாள். கதவு பாதி திறந்திருந்தது. மறுபக்கம் மர்டோவின் குரல், நாலு கிளாஸ் உள்ளே போன குரல்.

"அட, அவனுக்குச் சர்க்கரையச் சொல்லிக் குடுத்ததே நான்தான்யா! நான் என்ன போடுறேன்? மொத்தமும் மால்ட். பாவி, இருபத்தஞ்சு வருஷம் நம்பினான். ஒரு தடவகூட டப்பாவத் திறந்து காட்டுன்னு கேக்கல!"

பக்கத்தில் இருந்தவன் விழுந்து விழுந்து சிரித்தான்.

அவிஸ் தட்டை மேசையில் வைத்தாள். எல்லோருக்கும் பரிமாறினாள். மர்டோவுக்கு இரண்டு துண்டு வைத்தாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனப் போல ஒருத்தன் இனிப் பொறக்கப் போறதில்ல அவிஸ்" என்று கண் கலங்கினான். அவள் கையை உருவிக்கொள்ளவில்லை.

மறுவாரம் பீர்ச் சாமான் கடைக்குப் போனாள். அங்கிருந்த பெண் அன்பாக விளக்கினாள். மால்ட் மாவு போட்டால் பீருக்கு உடம்பு வரும், நுரை நிற்கும். வெறும் சர்க்கரை என்றால் சாராயம் ஏறுமே தவிர வாயில் ஒன்றும் நிற்காது.

"இதுல எது ரொம்ப மோசம்?" என்று கேட்டாள் அவிஸ்.

"மோசமா? சர்க்கரையப் போட்டு, சூடான எடத்துல வெச்சா வாயில வைக்க முடியாது. அப்படிச் செஞ்சிடாதீங்க."

"சூடான எடம்னா? வீட்டுல வெந்நீர்த் தொட்டி வெச்சிருக்கிற அலமாரி ஆகுமா?"

"ஐயோ, அங்க மட்டும் வேணாம்."

"சரி" என்று சொல்லி ஒரு டின் வாங்கினாள். சர்க்கரை வீட்டிலேயே இருந்தது. நேராக வெந்நீர்த் தொட்டி அலமாரியில் கொண்டுபோய் டிரம்மை வைத்தாள்.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு மர்டோ வீட்டுக் கதவைத் தட்டினாள். மனைவி போன பிறகு அவன் தனியாள். அவிஸ் கையில் லெஸ்ஸின் பழைய பழுப்புப் பாட்டில் இரண்டு.

"லெஸ் கடைசியா போட்டது. உனக்குன்னே எடுத்து வெச்சிருக்கு. நான் பாக்க நீ குடிக்கணும்."

எப்படி மறுப்பான்? குடித்தான். முகம் கோணாமல் இருக்க அவன் பட்ட பாடு அவளுக்கு விருந்தாக இருந்தது.

"நல்லா இருக்கா?"

"ம்... லெஸ்ஸோட கைப்பக்குவம்."

"அடுத்த சனிக்கிழமை இன்னும் ரெண்டு கொண்டாறேன்."

கொண்டுவந்தாள். அதற்கடுத்த சனியும். மழைக்காலம் முழுக்க, மர்டோ கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த நாளிலும். ஆற்றில் மீன்குஞ்சு பிடிக்கும் பருவம் வந்தபோது அவளுக்குத் தப்பச் சனிக்கிழமைகளில் அவன் கரைக்குப் போய் ஒளிந்துகொண்டான். அவள் பாட்டிலோடு கரைக்கே வந்துவிட்டாள். செத்த நண்பனை எப்படி மதிக்கிறான் பார் என்று கிளப்பில் மர்டோவைப் புகழ்ந்தார்கள்.

நடுவில் ஒரு நாள் அவளுக்கு ஒரு எண்ணம் வந்தது. மால்ட் மாவு வாங்கி ஒரு டிரம் போட்டாள். ஆவி பட்டதும் மாவு கரண்டியில் பசை மாதிரி ஒட்டிக்கொண்டது, சுரண்டிச் சுரண்டி கரைத்தாள். குளிர்ந்த கொட்டகையில் வைத்தாள். ஒரு மாதம் கழித்து லெஸ்ஸின் ஸ்டூலில் உட்கார்ந்து திறந்தாள். நுரை விரற்கடை உயரம் நின்றது. ரொட்டி வாசனை. பீரே பிடிக்காத அவளுக்குக்கூட இரண்டாவது மடக்கு கேட்டது. இதைத்தான் அவன் தேடினான். ஒரு கிலோ மாவு தூரத்தில் இருந்தது. முதன்முறையாக அன்றுதான் அழுதாள். அழுது முடித்ததும் கோபம் இரட்டிப்பாகியிருந்தது. உள்ளே போய் அடுத்த சர்க்கரை டிரம்முக்கு அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.

கோடையில் மர்டோ தாங்கமுடியாமல் கேட்டுவிட்டான்.

"அவிஸ், லெஸ் எத்தன பாட்டில்தான் போட்டு வெச்சான்?"

"நெறைய."

"மூடியெல்லாம் புதுசா மின்னுதே."

"மின்னும். போன வாரம் அடிச்சது."

அவன் கிளாஸைக் கீழே வைத்தான். "உனக்குத் தெரியும்."

"அடக்கத்தன்னிக்கு, கறிப் பலகாரம் தூக்கிட்டு வந்தப்போ கேட்டேன்."

"எல்லாருக்கும் அவனத்தான் புடிச்சுது. மீன் அவனுக்கு, ஆட்டம் அவனுக்கு. ஒண்ணே ஒண்ணாவது எனக்கு இருக்கட்டும்னு..."

"ஈஸ்டருக்குக் கிளப்புல எழுந்து நின்னு சொல்லு. சொன்னா நிறுத்திடறேன். இப்ப மிச்சத்தக் குடி."

ஈஸ்டர் வந்தது. பன்னிரண்டாவது கோப்பையும் அவனுக்கே. அவிஸ் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். மர்டோ கோப்பையை ஏந்தியபடி சொன்னான், "லெஸ்ஸுக்குச் சர்க்கரையச் சொன்னது நான். வேணும்னேதான் சொன்னேன்."

பிறகு யாரோ மேசையைத் தட்டினார்கள். கூடமே வெடித்துச் சிரித்தது. "பலே மர்டோ!" "சர்க்கரை லெஸ்ஸுக்கு ஒரு கிளாஸ்!" எல்லோரும் கிளாஸைத் தூக்கினார்கள். மர்டோ அவிஸைப் பார்த்தான். பிறகு முகத்தின் இறுக்கம் தளர்ந்து, அவனும் சிரித்துவிட்டான்.

அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்குக் கதவு தட்டப்பட்டது.

"சொல்லிட்டேனே அவிஸ்! நீ சொன்னபடி எல்லார் முன்னாடியும் சொன்னேனே!"

"சொன்ன. அவங்க சிரிச்சாங்க. நீயும் சிரிச்ச." அவனைத் தாண்டிப் போய் அவன் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்தாள். "கிளாஸ் எடுத்துட்டு வா."

எடுத்து வந்தான்.

மூன்று வருஷம் கழித்து மர்டோவின் மகள் வந்து அவனை நெல்சன் நகரத்துக்குத் தன்னோடு கூட்டிப்போகும் வரை அது நடந்தது. அவிஸுக்கு மனமே இரங்கவில்லை என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை அவன் காய்ச்சலில் படுத்தபோது அந்த வாரம் சூப் மட்டும் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்த சனிக்கிழமை நாலு பாட்டில் கொண்டுபோனாள்.