ஆண்டவர் நிறுத்திய வண்டி

என்னோடு சேர்ந்து ஜெபிக்கிறவர்களே, உலை வைக்கவும் தெம்பில்லாமல் உட்கார்ந்து அழுத என்னை ஆண்டவர் எப்படித் தூக்கி நிறுத்தினார் என்று சொல்கிறேன். பொறுமையாகக் கேளுங்கள். எனக்கு அவசரமாகச் சொல்ல வராது.

போடியில் எங்கள் சபைக்காரர்கள் நடத்தும் பெண்கள் கல்லூரி விடுதியில் நான்தான் சமையல். பிள்ளைகள் எல்லாம் மலையில் ஏலக்காய் எடுக்கிறவர்கள் வீட்டுப் பிள்ளைகள். எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ஒரே பந்திதான். சிறுபான்மைக் கல்லூரிக்கு அரசாங்கம் தருகிற மானியத்தில்தான் என் அடுப்பு எரிகிறது.

போன ஆவணியில் அந்த மானியத்துக்கே சோதனை வந்தது. மெய்யாகவே ஏழைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்களா என்று அதிகாரிகள் நேரில் பார்ப்பார்களாம். இல்லையென்றால் விடுதியை மூட வேண்டியதுதான். பிள்ளைகள் படிப்பை விட்டுக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

திங்கட்கிழமை வரவேண்டியவர்கள், முன்னதாகவே வந்து போடிமெட்டுக் குளிரில் தங்கிவிட்டு, சனிக்கிழமை காலையிலேயே "இன்றைக்கே இறங்கி வருகிறோம்" என்று போன் போட்டார்கள். அப்போது விடுதியில் ஒரு பிள்ளைகூட இல்லை. லீவு நாளில் மேலே காய் எடுக்கப் போவது வழக்கம். எங்கள் விடுதி சிறியது. நெருக்கி உட்கார்ந்தால் ஒரே ஜீப்பில் அடங்கிவிடும். அன்றைக்கும் அப்படியே எல்லோரும் ஏறிப் போய்விட்டார்கள். மலையில் போனும் எடுக்காது.

பிரின்சிபால் அம்மா அடுப்படிக்கு ஓடி வந்தார்கள். "ஆத்தா, வெறுங்கட்டிலக் காட்டியா மானியம் கேக்குறது?"

முழங்காலில் விழுந்தேன். "ஆண்டவரே, அந்த ஜீப்பு மேட்டுக்கு ஏறக் கூடாது. வழியிலயே நிப்பாட்டும். பிள்ளைகளுக்கு ஒரு கீறலும் ஆகக் கூடாது" என்று கண்ணீர் விட்டுக் கேட்டேன். எழுந்து, அதிகாரிகளுக்கென்று வாங்கிக் கட்டிவைத்திருந்த கோழியை அறுத்துக் குழம்பு வைத்தேன். விசுவாசம் என்றால் அதுதான்.

குழம்பு இறக்குவதற்குள் ஜீப் வந்து நின்றது. பிள்ளைகள் இறங்கினார்கள். கடைசியாக, பிள்ளைகளின் தூக்குவாளிகளைக் கையில் பிடித்துக்கொண்டு இரண்டு அதிகாரிகள் இறங்கினார்கள்!

நடந்தது இதுதான். கொண்டை ஊசி வளைவில் இறங்கி வந்த அதிகாரிகளின் கார் பழுதாகிக் குறுக்கே நின்றுவிட்டது. ஜீப் மேலே போக வழியில்லை. "எங்களுக்கும் இன்னைக்குச் சோலி போச்சு. ஏறுங்க சார், கீழ கொண்டுபோய் விடுறேன்" என்றிருக்கிறார் டிரைவர். வந்தவர்கள் யாரென்று தெரியாமல் எங்கள் செல்வி வாயைத் திறந்திருக்கிறாள்.

"திங்கக்கெழம பெரிய ஆபீசருக வர்றாகளாம் சார். அவுகளுக்குக் கோழி வாங்கணும்னு எங்களுக்கு ரெண்டு நாளாக் கஞ்சிதான்."

பெரிய அதிகாரி என்னைப் பார்த்து, "நீங்கதான் அந்தக் கஞ்சி ஆத்தாவா?" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. "கோழிக் கொழம்பு தயாரா இருக்குய்யா, உக்காருங்க."

"அதைப் பிள்ளைகளுக்கு ஊத்துங்க. எங்களுக்குக் கஞ்சி போதும். நாங்க கேக்க வேண்டியதையெல்லாம் ஜீப்புலயே சொல்லிட்டாங்க. நகத்துல இருக்குற காய்க்கறையையும் பாத்துட்டோம்."

என் கோழிக் குழம்பை வேண்டாம் என்று சொன்ன முதல் மனுஷன் அவர்தான். ஆனால் கஞ்சியை இரண்டாம் தரமும் வாங்கிக் குடித்தார். அதில் என் மனது ஆறியது.

மானியம் வந்தது. செல்வி இப்போது கடைசி வருடம் படிக்கிறாள். அன்றிலிருந்து யார் வந்தாலும் பிள்ளைகள் சாப்பிடுவதுதான் அவர்களுக்கும்.

பிரின்சிபால் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்கள்: "ஜீப்ப நிப்பாட்டச் சொல்லிக் கேட்டீக. காருல்ல நின்னுருக்கு?"

"நின்னது எதுன்னு பாக்காதீகம்மா. வந்து சேந்தது யாருன்னு பாருங்க" என்றேன்.

நீங்களும் கேளுங்கள், பிரியமானவர்களே. எந்த வண்டியை நிறுத்துவது என்பதை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள்.