கங்கம்மாள் கூழில் ஊற்றிய தண்ணீர்

என் ஓரகத்தி கங்கம்மாளைப் போல் கூழ் காய்ச்ச ஆரம்பாக்கத்தில் ஆள் கிடையாது. யார் மறுத்தாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க விட்டு, நொய்யோடு கொதிக்கக் கொதிக்கக் கிண்டி வைப்பாள். மறுநாள் காலை கும்மிடிப்பூண்டியில் தொழிற்சாலை கட்டுகிற இடத்துக்குத் தூக்கிப்போய், அங்கே உப்பும் தண்ணீரும் விட்டுக் கரைத்து ஊற்றுவாள். எழுபத்து மூன்றாம் வருஷம் அது. மண் சுமக்கிற ஆட்களுக்கு அதுதான் நாஷ்டா.

அந்தக் கோடையில் அங்கே வாந்தி பேதி கண்டது. முதலில் விழுந்தவன் அங்கே மண் சுமந்த எங்கள் தெரு மணவாளன். கட்டிலோடு ஆஸ்பத்திரிக்குத் தூக்கினார்கள். புளித்த கூழ்தான் ஆளைச் சாய்த்தது என்று பேச்சு கிளம்பிவிட்டது. அவன் பெண்டாட்டி சந்திரகலா தெருவில் நின்று கேட்டாள்: "புளிச்சத ஊத்தி என் ஊட்டுக்காரர சாவடிக்கப் பாத்தியே, நீ நல்லா இருப்பியா?"

கங்கம்மாள் தன் கூழ் யாரையும் கெடுக்காது என்றுதான் நம்பினாள். ஆனாலும் அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

சுகாதார இன்ஸ்பெக்டர் பாக்கியநாதன் வந்தார். விற்கக் கூடாது என்று சொல்லி, கூழில் கொஞ்சமும் தண்ணீர்க் குடத்தில் கொஞ்சமும் சீசாவில் பிடித்துப் போனார். அந்த இடத்தை ஒட்டிய ஏரிக்குள் அவளே தோண்டிய ஊற்றுத் தண்ணீர் அது; கண்ணாடி மாதிரி இருக்கும். அதையும் துணியை நாலாக மடித்து வடிகட்டித்தான் ஊற்றுவாள். காய்ச்சின தண்ணீர் நோயாளிக்குத்தான், வெயிலில் நிற்கிறவனுக்குச் சில்லென்று கொடுக்க வேண்டும் என்பாள்.

எட்டு நாள் கழித்து இன்ஸ்பெக்டர் திரும்பி வந்தார்.

"கூழ் மேல தப்பில்லம்மா. அது புளிக்கிறதும் கிருமியாலதான், ஆனா அது நல்லது பண்ற கிருமி. அந்தப் புளிப்புல காலரா கிருமி பிழைக்கிறது கஷ்டம். நீ ஊத்துன பச்சத் தண்ணியிலதான் காலரா இருக்குது. வேலையாளுங்க ஏரி மேட்டுல வெளிக்குப் போறாங்க, அது ஊத்துல எறங்குது."

அவ்வளவு தண்ணீர் விட்டால் புளிப்பும் நீர்த்துப் போகுமாம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீரானால் விற்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

கூழில் குற்றமில்லை என்று மட்டும் ஊருக்குச் சொல்வோம், தண்ணீரைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்றேன் நான். இன்றைக்கும் அது தப்பு யோசனை என்று நான் நினைக்கவில்லை.

"ஊத்துனது என் கைதானேக்கா," என்று சொல்லிவிட்டு அவள் நேரே மணவாளன் வீட்டுக்கு நடந்தாள்.

அவன் பிழைத்து வந்து, எலும்பும் தோலுமாகச் சுவரில் சாய்ந்திருந்தான். வாசலிலேயே நின்று சொன்னாள்: "கூழு இல்ல நைனா. நான் ஊத்துன தண்ணி. தெரியாம பண்ணிட்டேன்."

மணவாளன், இனிமேல் என்ன தண்ணீர் ஊற்றுவாய் என்று மெதுவாகக் கேட்டான். காய்ச்சி ஆறவைத்தது என்றாள்.

"மொதல்ல நீ குடி, என் எதிர்ல," என்றாள் சந்திரகலா.

மறுநாள் காலை அந்த வாசலில் கங்கம்மாள் ஒரு சொம்பு கூழை மடமடவென்று குடித்தாள். சந்திரகலா சொம்பை வாங்கி, அடிவரை காலியா என்று எட்டிப் பார்த்தாள்.