செபம் பண்ணுகிறான் என்று நினைத்தோம்

என் மகன் மண்ணில் முகம் கவிழ்ந்து கிடந்தபோது ஒரு மைதானமே கைதட்டிச் சிரித்தது. இந்தச் செபக்கூட்ட மேடையில் என் சாட்சியை நான் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இதைவிட மென்மையான இடம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை.

தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான். மனைவி மரிய புஷ்பம். எங்களுக்கு ஒரே மகன், ரீகன். வயது இருபத்திரண்டு. கபடிதான் அவனுக்குச் சோறு, தூக்கம், எல்லாம். பாடிப் போவதில் கெட்டிக்காரன். ஒரே மூச்சில் ‘கபடி கபடி’ என்று சொல்லிக்கொண்டே எதிராளிகளுக்குள் புகுந்து, ஒருவனைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்பிவிடுவான். போகுமுன் அந்தக் கோட்டிலேயே முழங்காலிட்டு நெற்றியை மண்ணில் வைப்பான். சிலுவை போட்டுவிட்டு எழுவான். தொட்டுத் திரும்பினாலும் முழங்கால்தான், பிடிபட்டாலும் முழங்கால்தான். ஜெயிக்கும்போது மட்டும் நன்றி சொன்னால் அது வியாபாரம் அப்பா என்பான்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு. ஓட்டப்பிடாரம் பக்கத்து ஊர் ஒன்றில் அரையிறுதி ஆட்டம். சாயங்கால வெயில் முதுகைத் தோலுரித்துக்கொண்டிருந்தது. எதிரணியில் முத்துராஜ் என்று ஒரு பையன், கால்பிடியில் பேர்போனவன். ரீகன் முழங்காலிடும்போதெல்லாம் கோட்டுக்கு அந்தப்பக்கம் நின்று வம்புக்கிழுத்தான்.

“ஏலே, சீக்கிரம் முடி. ஒஞ்சாமிக்கு வேற சோலி இல்லையா?”

ரீகனும் லேசுப்பட்டவன் இல்லை. “ஒனக்கும் சேத்துதாம்ல கேக்கேன். தோத்த பொறவு நீ அழக்கூடாதுன்னு.”

இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அதுவரை அது நல்ல சிரிப்பு.

கடைசிப் பாட்டு. ஒரு புள்ளி எடுத்தால் நாங்கள் இறுதி ஆட்டத்துக்குப் போவோம். ரீகன் ஒருவனைத் தொட்டுவிட்டான். திரும்பிப் பாய்ந்தவனின் காலை முத்துராஜ் வாரினான். மற்ற நாலு பேரும் மேலே விழுந்தார்கள். கோட்டுக்கு ஒரு கை தூரம் இருந்தது. பாட்டு நின்றது. விசில் ஊதியது.

மேலே கிடந்தவர்கள் எழுந்து விலகினார்கள். ரீகன் எழவில்லை. முழங்கால் மடிந்திருந்தது. நெற்றி மண்ணில் இருந்தது. கைகள் நெஞ்சுக்கடியில் இருந்தன. அவன் எப்போதும் செபம் பண்ணும் அதே கோலம்.

கபடியில் ஒருவன் விழுந்து கிடந்தால் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, நாலு குலுக்குக் குலுக்கி நிற்கவைப்பதுதான் வழக்கம். அவன் கூட்டாளிகள் இரண்டு பேர் அதற்குத்தான் ஓடினார்கள். நான் வெளியே நின்று சத்தம் போட்டேன். “தொடாதியலே. செபம் பண்ணுதான்.”

அவர்கள் நின்றுவிட்டார்கள். அவன் வழக்கம் அவர்களுக்கும் தெரியும்.

கூட்டம் சும்மா இருக்குமா?

“தோத்த பொறவு என்னலே செபம்?”

“ஆண்டவர் இன்னும் போன எடுக்கலையாம்.”

“நிம்மதியாத் தூங்கட்டும், ஒரு தலகாணி கொண்டு குடுங்கப்பா.”

தாளம் போட்டுக் கைதட்டினார்கள். யாரோ எறிந்த தண்ணீர்ப் பாக்கெட் அவன் முதுகில் பட்டு உடைந்தது. தண்ணீர் வழிந்தது. அவன் அசையவில்லை. என்ன உறுதி என்று நான் நினைத்தேன். சகோதரங்களே, பெருமையில் என் நெஞ்சு விம்மியது. அந்த நேரம் என் பிள்ளை மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான்.

காதருகே போய் இன்னும் ஒரு வார்த்தை குத்திப் பேசத்தான் முத்துராஜ் குனிந்தான். குனிந்தவன் நிமிரவில்லை. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

“ஏலே, இவன் செபம் பண்ணல. கண்ணத் தொறந்துட்டுக் கெடக்கான். கண்ணு நெறைய மண்ணு. தொடைக்க மாட்டேங்கானே.”

கைதட்டல் உடனே நிற்கவில்லை. பின்வரிசைக்கு விஷயம் போய்ச் சேரும்வரை நடந்தது. அந்தத் தாளம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் ஓடிப்போய்த் தூக்கக் கை நீட்டினேன். முத்துராஜ் என் கையைத் தட்டிவிட்டான். “தூக்காதிய அண்ணாச்சி. எங்க சித்தப்பா பனையிலருந்து விழுந்தப்ப தூக்கி உக்கார வச்சோம். அதோட போய்ட்டாரு.”

ரீகனின் தலையை அவன் இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டான். மேடைப் பலகை ஒன்றைப் பெயர்த்து வந்து, தலை ஆடாமல் திருப்பி, அதில் கிடத்தினார்கள். ஆம்புலன்சில் தூத்துக்குடி வந்து சேரும்வரை முத்துராஜ் கையை எடுக்கவே இல்லை. காலை வாரிய கையும் அதுதான். தலையைத் தாங்கிய கையும் அதுதான். அதை முறிக்கலாமா முத்தமிடலாமா என்று எனக்கு விளங்கவில்லை.

கழுத்தெலும்பு உடைந்து நரம்பை நெரித்திருந்தது. ஆபரேஷன் செய்தார்கள். வாய்வழியாகக் குழாய் விட்டு மெஷின்தான் மூச்சு கொடுத்தது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார்.

“விழுந்ததும் தூக்கி உட்கார வச்சீங்களா?”

“இல்ல சார்.”

“ஏன்? எல்லாரும் அதத்தானே முதல்ல செய்வாங்க.”

“செபம் பண்ணுதான்னு நெனச்சோம் சார்.”

அவர் கையிலிருந்த எக்ஸ்ரேயை மேஜையில் வைத்தார். பிறகு சொன்னார். “தூக்கியிருந்தா அந்த இடத்துலயே மூச்சு நின்னிருக்கும்.”

வெளியே வந்து சுவரோடு சாய்ந்தேன். என் மகன் ஊரறிய மண்ணில் நெற்றி வைத்த ஒவ்வொரு தடவையும் இந்த ஒரு நாளுக்காகச் சேர்ந்திருக்கிறது. யாரும் அவனைத் தொடாமல் அந்தப் பழக்கம் காவல் நின்றிருக்கிறது. சிரித்தவர்களும் அந்தக் காவலில்தான் நின்றார்கள், தெரியாமலே. நாங்கள் கேட்கும் முன்பே ஆண்டவர் கொடுத்துவிட்டிருந்தார். அவர் கொடுத்த விதம்தான் என்னைக் கொன்றது.

எங்கள் ஆட்களும் இரக்கம் காட்டவில்லை. செபக்கூட்டத்துக்கு வரும் அக்கா ஒருத்தி மருத்துவமனைக்கே வந்து புஷ்பத்திடம் சொன்னாள். “செபத்த வீட்டுக்குள்ள வச்சிக்கிடணும் ஏளா. நாலு பேரு பாக்க வெளம்பரம் பண்ணுனா ஆண்டவருக்குப் பிடிக்காதுல்லா?” பழம் வாங்கி வந்திருந்தாள். புஷ்பம் பையோடு திருப்பிக் கொடுத்தாள்.

அவன் கிடந்ததையும் கூட்டம் கைதட்டியதையும் எவனோ வீடியோ எடுத்து அனுப்பியிருந்தான். கப்பல் அணையும் வார்ப்பில் என் கூட வேலை செய்கிறவர்களின் போன்களிலும் அது வந்தது. பார்த்தவர்கள் எனக்குத் தெரியாமல் மறைத்தார்கள். சிரிப்புச் சத்தத்தை எங்கே மறைப்பது?

நான் செபித்தேன். முதலில் அவன் எழுந்து ஓட வேண்டும் என்று கேட்டேன். நாளாக ஆக, நடந்தால் போதும் என்றேன். பிறகு கையாவது அசையட்டும் என்றேன். மீன் ஏலத்தில் விலை இறங்குகிற மாதிரி என் செபம் இறங்கிக்கொண்டே போனது. ஆண்டவர் எந்த விலைக்கும் வாய் திறக்கவில்லை. கடைசியில் கேட்க ஒன்றுதான் மிச்சம் இருந்தது. மூச்சு. மூச்சடக்கி முத்தெடுத்த வம்சம் என்று எங்கள் கடற்கரையில் பெருமை பேசுவார்கள். என் மகனுக்கு அடக்கத் தெரிய வேண்டாம் ஆண்டவரே, விடத் தெரிந்தால் போதும் என்றேன்.

குழாயை எடுத்துப் பார்க்கும் நாள் வந்தது. தானாக மூச்சு வரவில்லை என்றால் தொண்டையில் துளை போட்டு நிரந்தரமாக மெஷினில் விட வேண்டியிருக்கும் என்றார்கள். புஷ்பமும் நானும் கண்ணாடிக்கு வெளியே முழங்காலிட்டோம். வராண்டாவில் போகிறவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யார் பார்த்தால் என்ன?

நர்சம்மா குழாயை உருவினாள். அவன் முகம் கறுத்தது. நெஞ்சு எழவில்லை.

“தம்பி, இருமுங்க. இருமுங்க தம்பி.”

ஒன்றும் வரவில்லை. புஷ்பம் என் கையைக் கடித்தாள். ரத்தம் வந்தது. எனக்கு வலிக்கவில்லை.

பிறகு ஒரு சத்தம். பழைய கதவைத் திறப்பதுபோல. அவன் இருமினான். இன்னொரு தடவை இருமினான். அவன் வயிறு லேசாக உள்ளே போய் வெளியே வந்தது. திரும்பவும் போய் வந்தது. இத்தனை வருஷமாக எத்தனையோ கப்பல் உள்ளே வந்து வெளியே போவதைப் பார்த்திருக்கிறேன். அவன் வயிறு போய் வருவதைப் போல எதையும் பார்த்ததில்லை.

இப்போது வீட்டில் இருக்கிறான். கால் வரவில்லை. முழங்கை மடங்குகிறது, விரல் மடங்கவில்லை. முத்துராஜ் வாரா வாரம் வந்து அவனைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறான். அவனை முழுசாக மன்னித்துவிட்டேன் என்று இந்த மேடையில் சொல்ல மாட்டேன். அவன் வரும் நேரம் நான் வாசலில் நாற்காலி போட்டுவைக்கிறேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அதுதான்.

இந்தக் கூட்டத்துக்கு ரீகனையும் அழைத்துவரக் கேட்டார்கள். ஏற்பாடு செய்தவர்களில் ஒருவர் வீட்டுக்கு வந்து பேசினார். “ரெண்டு பேரு தோள்ல புடிச்சி மேடையில ஒரு நிமிஷம் நிக்க வச்சிரலாம் அண்ணாச்சி. சனங்களுக்கு விசுவாசம் வளரும்.”

ரீகன் படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்தான். அவனால் கத்திப் பேச முடியாது. ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டும்.

“அப்பா, நிக்கான்னு காட்டாதிய. நடப்பான்னும் சொல்லாதிய. அவரு குடுக்காதத குடுத்தாருன்னு சொன்னா, குடுத்தது பொய்யாப் போயிரும். மூச்சு விடுதான்னு மட்டும் சொல்லுங்க.”

அதனால் அவனை வீட்டில் விட்டுவிட்டு நான் மட்டும் வந்திருக்கிறேன். சகோதரங்களே, உங்களில் எத்தனையோ பேர் இதைவிடப் பெரியதைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சத்தமாகவே கேளுங்கள். தெருவில் முழங்காலிட வேண்டியிருந்தால் இடுங்கள், சிரிக்கிறவன் சிரிக்கட்டும். கேட்டது அத்தனையும் கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. கேட்டதில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. என் மகன் மூச்சு விடுகிறான்.